நோபிள்ஸ் கவுண்டியில் கொரோனா நிவாரணம்: பன்றியை வளர்த்தவருக்கா, பன்றிக்கு உடைமையாளருக்கா?

கேள்வி: இளவேனில்

அனைவருக்கும் வணக்கம். மினசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், அயோவா எல்லையைத் தொட்டுக் கிடக்கும் நோபிள்ஸ் கவுண்டியில் நாங்கள் குடியேறி ஓராண்டு ஆகிறது. கவுண்டி என்பதை நம் ஊர் மாவட்டத்தைப் போன்ற ஒரு நிர்வாகப் பகுதி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே மொத்தமே ஏறத்தாழ 22,000 பேர்தான் வாழ்கிறார்கள். பன்றிகளோ அதைப் போலப் பல மடங்கு. மக்காச்சோளம், சோயா, பன்றி ஆகிய மூன்றையும் விட்டால் வேறு பேச்சு இல்லாத ஊர் இது.

2020ஆம் ஆண்டில் இப்பகுதி எப்படி இருந்தது என்று ஒரு கட்டுரை எழுதுவதற்காக அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, எதிரெதிர் வீடுகளைச் சேர்ந்த இரண்டு விவசாயிகள் ஒரே நிவாரணத் திட்டத்தைப் பற்றி முற்றிலும் வேறான இரண்டு கதைகளைச் சொன்னார்கள். முதலாமவருக்குச் சொந்த நிலமும், சொந்தப் பன்றிகள் 2,400 நிற்கும் ஒரு கொட்டகையும், தானியத்தைச் சேமித்து வைக்கும் இரும்புக் குதிர்களும் உண்டு. மத்திய அரசிடமிருந்து அந்த ஆண்டில் தமக்கு வந்த தொகை நினைத்துப் பார்க்காத அளவுக்கு இருந்தது என்று அவர் சற்றுக் கூச்சத்துடனேயே ஒப்புக்கொண்டார். இரண்டாமவர் வங்கிக் கடனில் இரண்டு கொட்டகைகளைக் கட்டி, வேறொருவருடைய பன்றிகளை ஒப்பந்தத்துக்கு வளர்த்துக் கொடுப்பவர். கூடவே 160 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறார். "வளர்த்தவன் நான், பணம் வாங்கியவர்கள் வேறு ஆட்கள்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

எனக்குப் புரியாதது இதுதான்: ஒரே கவுண்டியில், ஒரே பெருந்தொற்றில், ஒரே இறைச்சி ஆலை மூடப்பட்டதால் அடிபட்ட இருவருக்கு நிவாரணம் இவ்வளவு வேறாக வந்தது எப்படி? யாரேனும் தவறு செய்தார்களா, அல்லது விதியே அப்படித்தான் எழுதப்பட்டிருந்ததா? தொகையை எந்தக் கணக்கில் நிர்ணயித்தார்கள் என்பதை எண்களோடு விளக்க முடிந்தால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கணக்கேடு

அயோவாவில் பண்ணைக் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். 2020ஆம் ஆண்டின் கோடைக்காலம் முழுவதும் இந்தப் படிவங்களோடுதான் கழிந்தது. உங்கள் கேள்விக்கு ஒரு வரியில் விடை வேண்டுமானால், யாரும் தவறு செய்யவில்லை, விதியே அப்படித்தான் இருந்தது. "உங்களிடம் என்ன இருந்தது" என்று படிவம் கேட்டது. "நீங்கள் எதை இழந்தீர்கள்" என்று கேட்கவில்லை. மற்றவை எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைத்தவை.

இனி எண்களுக்கு வருவோம். கொரோனா உணவு உதவித் திட்டம் என்ற பெயரில் அமெரிக்க வேளாண்மைத் துறை 2020 ஏப்ரல் 17 அன்று 1,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தது. அதில் 300 கோடி, விளைபொருள்களை வாங்கி உணவுப் பெட்டிகளாகப் பகிர்ந்தளிப்பதற்கு ஒதுக்கப்பட்டது; மீதி 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடிப் பணம். இந்த 1,600 கோடி ஒரே பையிலிருந்து வரவில்லை என்பதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். 950 கோடி, நாடாளுமன்றம் நிறைவேற்றிய கேர்ஸ் சட்டத்திலிருந்து வந்தது. 650 கோடி, சரக்குக் கடன் கழகம் என்ற பழைய அரசு நிறுவனத்தின் கணக்கிலிருந்து வந்தது. முதல் பை ஜனவரி நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நேர்ந்த விலை வீழ்ச்சிக்கு. இரண்டாவது பை அதற்குப் பிந்தைய சந்தைக் குழப்பத்துக்கு. இரண்டு பைகளுக்கும் இரண்டு வீதங்கள். பாதிச் சிக்கல் இங்கேயே தொடங்கிவிட்டது.

மாட்டை வைத்துச் சொன்னால் இது பளிச்சென்று விளங்கும். கொழுக்க வைத்து இறைச்சிக்கு அனுப்பும் மாட்டை ஜனவரி 15க்கும் ஏப்ரல் 15க்கும் இடையில் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். அதே மாடு ஏப்ரல் 16க்குப் பிறகும் தொழுவத்தில் நின்றிருந்தால் தலைக்கு 33 டாலர். ஆலைகள் மூடத் தொடங்கியது ஏப்ரலில்தான் என்பதால், உண்மையில் விற்க வழியில்லாமல் தவித்தவர்கள் இரண்டாவது வகையினர். ஏப்ரல் 14 அன்று 100 மாடுகளை ஏற்றி அனுப்பியவருக்கு 21,400 டாலர். லாரி கிடைக்காமல் மூன்று நாள் தாமதித்தவருக்கு 3,300 டாலர். இந்த முறையீடு வலுத்ததால், 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வழியாக அந்த 33உடன் தலைக்கு 63 டாலரைக் கூட்டினார்கள். பணம் கைக்கு வந்தது 2021இல்.

பன்றிக்கு இவ்வளவு பெரிய பள்ளம் இல்லை. 120 ராத்தலுக்குக் (பவுண்டு) குறைந்த குட்டியை அந்த மூன்று மாதங்களில் விற்றிருந்தால் 28 டாலர், அதற்கு மேற்பட்ட எடையுள்ளதற்கு 18 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கொட்டகையில் மிக அதிகமாக எத்தனை நின்றனவோ அத்தனைக்கும் தலைக்கு 17 டாலர். உங்கள் முதல் விவசாயிக்கு இந்தக் கடைசி வகையில் மட்டும் 2,400 பெருக்கல் 17, அதாவது 40,800 டாலர் வந்திருக்கும். செப்டம்பரில் 1,400 கோடி டாலர் வரையிலான இரண்டாம் சுற்று அறிவிக்கப்பட்டபோது, ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை கையிருப்பில் இருந்த உச்ச எண்ணிக்கைக்குப் பன்றி ஒன்றுக்கு 23 டாலர் தந்தார்கள். இனப்பெருக்கத்துக்கான தாய்ப்பன்றிகளை அதில் சேர்க்கவில்லை. 2,400க்கு அது 55,200 டாலர். இரண்டு சுற்றும் சேர்ந்து 96,000. கவனியுங்கள், சராசரி பன்றி ஒன்றுக்கு 40 டாலர். சந்தை தேறும் வரை வைத்திருந்து விற்ற பன்றிக்கும் அதே 40. கொல்லப்பட்டு மரத்தூள் குவியலில் மட்க வைக்கப்பட்ட பன்றிக்கும் அதே 40.

தானியத்திலும் இதே கதைதான், ஆனால் கொஞ்சம் நுணுக்கமானது. முதல் சுற்றில், 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசி முடிக்காமல் கையிருப்பில் இருந்த தானியம், இவற்றில் எது குறைவோ அதை எடுத்துக்கொண்டார்கள். அதன் ஒரு பாதிக்குப் புஷலுக்கு (இங்கே தானியத்தை அளக்கும் அளவு) 32 சென்ட், மறு பாதிக்கு 35 சென்ட். 80,000 புஷல் மக்காச்சோளம் விளைவித்து 30,000 புஷலைக் குதிரில் வைத்திருந்தவருக்கு 4,800ம் 5,250ம் சேர்ந்து 10,050 டாலர் கிடைக்கும். அதிலும் முதலில் 80 விழுக்காட்டை மட்டும் கொடுத்துவிட்டு, மீதியை நிதி மிஞ்சுமா என்று பார்த்த பிறகு கொடுத்தார்கள். அறுவடை முடிந்த கையோடு கடனை அடைக்க எல்லாவற்றையும் விற்றவருக்குச் சுழியம். குதிர் வைத்திருப்பவரும், விற்காமல் பொறுக்க முடிந்தவரும் யார் என்பது உங்களுக்குத் தெரியும். விலை வீழ்ச்சியின் ஆபத்தைச் சுமந்தவருக்குத்தான் இழப்பீடு என்பது சட்டத்தின் தர்க்கம்; தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் ஏழை விவசாயி அந்த ஆபத்தைச் சுமக்கக்கூட வசதி இல்லாதவன் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

உச்சவரம்பு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்றில் ஒருவருக்கு 2,50,000 டாலர். கூட்டு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், பண்ணையில் குறைந்தது 400 மணி நேரம் உழைப்போ நிர்வாகமோ செய்த பங்குதாரர்கள் மூன்று பேர் வரை கணக்கிட்டு 7,50,000 வரை போகலாம். இரண்டாம் சுற்று தனிக் கணக்கு. அதற்கு வேறு வரம்பு. ஆண்டு வருமானம் சராசரியாக 9,00,000 டாலரைத் தாண்டியவர்களுக்குக் கிடையாது, ஆனால் அதில் 75 விழுக்காடு விவசாயத்திலிருந்தே வந்திருந்தால் உண்டு. வரம்பு என்ற சொல்லை இவ்வளவு நெகிழ்வாக நான் வேறெங்கும் கண்டதில்லை.

மறுமொழி: கொட்டகைவாசி

கணக்கேடு அவர்கள் படிவத்தின் பக்கத்திலிருந்து சொன்னதை நான் கொட்டகையின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். தென்மேற்கு மினசோட்டாவிலும் வடமேற்கு அயோவாவிலும் பன்றித் தீவன ஆலோசகராக இருந்தவன் நான்; அந்த ஏப்ரலில் வொர்திங்டனில்தான் இருந்தேன்.

நோபிள்ஸ் கவுண்டியின் தலைநகரான வொர்திங்டனில் உள்ள ஜேபிஎஸ் நிறுவனத்தின் இறைச்சி ஆலை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 பன்றிகளை வெட்டக்கூடியது. 2,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். ஏப்ரல் 12 அன்று, எல்லைக்கு அப்பால் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் இருந்த ஸ்மித்ஃபீல்டு ஆலை மூடப்படுவதாக அறிவித்தார்கள். ஒரு வாரம் கழித்து, 20ஆம் தேதி, வொர்திங்டன் ஆலையும் நின்றது. இரண்டு ஆலைகளிலும் தொழிலாளர்களிடையே தொற்று பரவியதுதான் காரணம். சுற்று வட்டாரத்தின் பன்றிகளுக்கு அந்த இரண்டும்தான் முதன்மையான வாசல்கள்.

ஆலை மூடினால் பன்றியைக் கொட்டகையிலேயே வைத்திருக்கலாமே என்று வெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். பன்றிக்கு அது தெரியாது. விற்பனை எடையை நெருங்கும் பன்றி நாளொன்றுக்குச் சுமார் 2 ராத்தல் ஏறும். 280 ராத்தலை ஒட்டிய உடலுக்கென்று அமைந்த ஆலையின் கொக்கியும் சங்கிலியும் மிகப் பெருத்த பன்றியைத் தாங்குவதில்லை. அதோடு, நான்கு மாதங்களுக்கு முன்னால் சினைப்படுத்திய தாய்ப்பன்றிகள் வாரம் தவறாமல் ஈன்றுகொண்டே இருக்கும். பால் மறந்த குட்டிகள் வந்து சேரும் நாளில் கொட்டகை காலியாக இருந்தாக வேண்டும். வளர்ச்சியை மட்டுப்படுத்த நாங்கள் செய்யாதது இல்லை. தீவனத்தில் புரதத்தைக் குறைத்தோம், நார்ச்சத்தைக் கூட்டினோம், பன்றிகள் குறைவாகத் தின்னட்டும் என்று கொட்டகையின் வெப்பத்தைச் சற்று ஏற்றி வைத்தோம். வாழ்நாள் முழுவதும் பன்றியை விரைவாக வளர்ப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவன், அந்த ஆறு வாரம் வளர விடாமல் தடுப்பது எப்படி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படியும் இடம் போதாத பண்ணைகளில் கொல்ல வேண்டியதாயிற்று. கொல்லப்பட்டவற்றை மட்க வைக்கும் மரத்தூள் குவியல்கள் இந்தக் கவுண்டியிலேயே எழுந்தன.

இனி உங்கள் இரண்டாவது விவசாயியின் நிலைக்கு வருகிறேன். ஒப்பந்த முறையில் குட்டியும் தீவனமும் மருந்தும் பன்றியின் உடைமையாளருடையவை. கொட்டகையும் மின்சாரமும் உழைப்பும் வளர்ப்பவருடையவை. பன்றியின் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் அவருடைய கூலியில் மாற்றம் இல்லை. ஆகவே விலை ஆபத்தில் பங்கு இல்லாத ஒப்பந்த வளர்ப்பாளருக்குத் தகுதி இல்லை என்று முதல் சுற்றின் விதி தெளிவாகவே சொன்னது. விலை ஆபத்து அவருக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் கொட்டகை காலியாகக் கிடக்கும் ஆபத்து முழுக்க அவருடையது. ஆலை திறந்த பிறகு உடைமையாளர்கள் மந்தையைக் குறைத்தார்கள். சில கொட்டகைகளுக்கு மறு குட்டி வரப் பல வாரங்கள் ஆயின. கொட்டகைக் கடனின் தவணை மட்டும் ஒரு மாதமும் தவறவில்லை. சந்தை இழப்பு என்றால் விலை இழப்பு மட்டுமே என்று எண்ணியவர்கள் எழுதிய விதி அது.

கொல்லப்பட்ட பன்றிக்கென்று தனி இழப்பீடு 2021 ஜூலையில்தான் வந்தது. 2020 மார்ச் 1 முதல் டிசம்பர் 26 வரை, வெட்ட ஆலை கிடைக்காமல் கொன்ற விலங்குகளுக்கு, அவற்றின் சந்தை மதிப்பிலும் அப்புறப்படுத்தும் செலவிலும் 80 விழுக்காடு என்று கணக்கிட்டு, முன்னரே பெற்ற உதவியைக் கழித்துக்கொண்டு கொடுத்தார்கள். என்னைக் கேட்டால், அந்தக் காலத் திட்டங்களில் இழப்பையே அளந்து கொடுத்த மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. அதனால்தான் ஓராண்டு தாமதமாகவும் வந்தது போலும். ஒப்பந்தம் இல்லாமல் அன்றன்றைய விலைக்கு விற்ற சிறு பன்றிக்காரர்களுக்குத் தலைக்கு 54 டாலர், 10,000 பன்றிகள் வரை, என்று இன்னொரு திட்டத்தை 2021 டிசம்பரில் தொடங்கினார்கள். 2020 ஏப்ரலில் விற்றவருக்கு 2022இல் பணம். அதற்குள் தொழிலை விட்டுப் போனவர்களும் உண்டு.

மறுமொழி: பல்லடத்தான்

கொட்டகைவாசி சொல்லும் ஒப்பந்தத்தைப் படிக்கும்போது, பன்றியை எடுத்துவிட்டுக் கோழியை வைத்தால் எங்கள் ஊர்தான். கறிக்கோழிப் பண்ணையில் குஞ்சும் தீவனமும் நிறுவனத்துடையவை. கொட்டகையும் ஆளும் பண்ணையாருடையவை. கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழியால் கொரோனா பரவுகிறது என்ற வதந்தியில் விலை சரிந்தபோது, விலை இழப்பு நிறுவனங்களுக்கு, குஞ்சு இறங்காத காலிக் கொட்டகை எங்களுக்கு என்று அப்படியே இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்காவில் ஒப்பந்த வளர்ப்பாளருக்குக் கடைசிவரை ஒன்றுமே கிடைக்கவில்லையா என்பதை மட்டும் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். இங்கே எங்களுக்கு அது வெறும் அயல்நாட்டுச் செய்தி அல்ல.

மறுமொழி: கணக்கேடு

கிடைத்தது, பல்லடத்து நண்பரே, ஆனால் சுற்றி வளைத்து.

2020 டிசம்பர் சட்டம் ஒப்பந்த வளர்ப்பாளர்களுக்கென்று 100 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அந்தத் திட்டத்தின் கணக்கு முறை மற்றவற்றிலிருந்து வேறானது: 2018 அல்லது 2019இல் பெற்ற வளர்ப்புக் கூலியிலிருந்து 2020இல் பெற்றதைக் கழித்து, வரும் இழப்பில் 80 விழுக்காடு வரை. எடுத்துக்காட்டாக, 2019இல் 1,90,000 டாலர் பெற்றவர் 2020இல் 1,50,000 பெற்றிருந்தால், 40,000 இழப்புக்கு 32,000 வரை கிடைக்கலாம். விண்ணப்பம் 2021 அக்டோபர் 12 வரை நடந்தது. ஆட்சி மாறியதும் 2021 ஜனவரியில் எல்லாவற்றையும் நிறுத்தி வைத்து மறு ஆய்வு செய்ததால் இடையில் சில மாதங்கள் கரைந்தன.

இன்னொரு வழி, சிறு தொழில்களுக்கான சம்பளப் பாதுகாப்புக் கடன். தனி ஆளாகத் தொழில் நடத்துபவரும் வாங்கலாம், நிபந்தனைகளை நிறைவு செய்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. ஆனால் 2020இல் கடன் தொகையை நிகர லாபத்தை வைத்து நிர்ணயித்தார்கள். புதிதாகக் கொட்டகை கட்டியவர்கள் வரிக் கணக்கில் தேய்மானத்தைக் கழித்துக் கழித்து நிகர நட்டம் காட்டியிருப்பார்கள். அப்படிக் காட்டச் சொல்லிக் கொடுத்ததே எங்களைப் போன்றவர்கள்தாம். வரி மிச்சம் என்று மகிழ்ந்த அந்த நட்டம், கடன் கேட்கும்போது சுழியமாக வந்து நின்றது. டிசம்பர் சட்டம் இதையும் மாற்றி, மொத்த வரவை அடிப்படையாகக் கொள்ளலாம் என்றது. 1,00,000 டாலர் வரவை 12ஆல் வகுத்து இரண்டரையால் பெருக்கி, அதிகபட்சம் 20,833 டாலர். என் வாடிக்கையாளர்களில் ஒப்பந்த வளர்ப்பாளர்கள் பெரும்பாலோருக்கு உருப்படியாக வந்த முதல் உதவி இதுதான்.

மறுமொழி: கரிசல்

நண்பர்கள் விதிகளை நன்றாக விளக்கிவிட்டீர்கள். ஆனால் மொத்தத் தொகை தேவைக்கு மிஞ்சியதா என்ற பெரிய கேள்வியை யாரும் தொடவில்லை. வணிகப் போரின் பெயரால் 2018இலும் 2019இலும் 1,200 கோடி, 1,600 கோடி என்று அறிவித்துக் கொடுத்துப் பழகிய கை அது. 2020இல் அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த பணம் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் அவ்வளவு கொடுக்கப்பட்டதில்லை. அந்த ஆண்டின் நிகரப் பண்ணை வருமானமும் 2019ஐவிட உயர்ந்தது. பேரிடர் ஆண்டில் வருமானம் உயர்ந்தது என்றால், நிவாரணம் என்ற சொல்லையே நாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டாமா?

இரண்டாம் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குதிரில் என்ன இருந்தது என்ற கேள்விகூட இல்லை. பயிரிட்ட ஏக்கருக்குப் பணம். மக்காச்சோளத்துக்கு ஏக்கர் விளைச்சலில் 40 விழுக்காட்டைப் புஷலுக்கு 58 சென்டால் பெருக்கினார்கள். ஏக்கருக்கு 180 புஷல் விளையும் நிலத்துக்கு அது 41 டாலர் 76 சென்ட். 500 ஏக்கர்காரருக்கு 20,880. பிறகு டிசம்பர் சட்டம் ஏக்கருக்கு இன்னும் 20 டாலரைக் கூட்டியது. அதைப் பெரும்பாலோர் மறு விண்ணப்பமே இல்லாமல் 2021இல் பெற்றார்கள். 2020 கோடையில் முன்பேரச் சந்தையில் புஷல் மூன்று டாலரை ஒட்டிக் கிடந்த மக்காச்சோளம் 2021 மே மாதத்தில் ஏழு டாலரைத் தாண்டியிருந்தது. விலை சரிந்ததற்கான இழப்பீடு, விலை இரு மடங்கான பிறகு வீடு தேடி வந்தது.

ஏக்கருக்கும் தலைக்கும் கொடுத்தால் ஏக்கரும் தலையும் மிகுந்தவருக்குத்தான் போகும். முதல் இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 2,600 கோடி டாலர் கொடுக்கப்பட்டதில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 2.08 கோடி மட்டுமே என்று வேளாண்மைத் துறைச் செயலாளர் டாம் வில்சாக் 2021இல் சொன்னார். பாகுபாட்டை நோக்கி எழுதப்பட்ட வரி ஒன்றுகூட அந்தப் படிவத்தில் இல்லை, தேவையும் இருக்கவில்லை. முன்பே நிலம் யாரிடம் சேர்ந்திருந்ததோ அங்கே பணமும் போயிற்று. அதைச் சரி செய்யக் கொண்டுவந்த கடன் தள்ளுபடிப் பிரிவை நீதிமன்றங்கள் 2021இல் தடுத்தன, நாடாளுமன்றமே 2022இல் நீக்கியது.

வொர்திங்டன் ஆலையில் நோய்க்கு ஆளானவர்களின் பங்கையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: இறைச்சி ஆலை, பண்ணைத் தொழிலாளர்களுக்கென்று வேளாண்மைத் துறை பின்னாளில் கொடுத்தது ஆளுக்கு ஒருமுறை 600 டாலர்.

மறுமொழி: கொட்டகைவாசி

கரிசல் அவர்களே, மொத்தத் தொகையைப் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்க மாட்டேன். ஆனால் காலத்தை மறந்துவிடக் கூடாது. 2020 மே மாதத்தில் அமர்ந்து விதி எழுதியவர்களுக்கு 2021 மே மாதத்து விலை தெரியாது. இழப்பை நிரூபி, பிறகு பணம் தருகிறோம் என்று சொல்லியிருந்தால், அலுவலகத்துக்குள் ஆளை விடாமல் தொலைபேசியிலேயே எல்லாம் நடந்த அந்த மாதங்களில், கவுண்டிக்கு ஒரு கைப்பிடி ஊழியர்களை வைத்திருந்த வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமையால் ஓராண்டிலும் ஒரு காசோலையை அனுப்பியிருக்க முடியாது. தலையை எண்ணிக் கொடுப்பது கண்மூடித்தனம்தான். ஆனால் அது ஜூன் மாதத்திலேயே கைக்கு வந்தது. இழப்பை அளந்து கொடுத்த திட்டங்கள் எப்போது வந்தன என்பதை மேலே எழுதியிருக்கிறேன். விரைவு வேண்டுமா, நியாயம் வேண்டுமா என்று கேட்டால், ஏப்ரலில் கொட்டகைக்குள் நின்றவன் என்ற முறையில் முதலில் விரைவு, ஆறு மாதத்துக்குள் நியாயம் என்பேன். இரண்டாம் சுற்றிலும் முதல் சுற்றின் கண்மூடித்தனத்தையே தொடர்ந்ததுதான் மன்னிக்க முடியாதது.

மறுமொழி: இளவேனில்

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை இந்த எண்களோடு இரண்டாவது விவசாயியிடம் மறுபடி போனேன். முதல் சுற்றில் தமக்கு எதுவும் வரவில்லை என்றும், 2019 அறுவடையை நவம்பரிலேயே விற்றுவிட்டதாகவும் சொன்னார். கணக்கேடு அவர்கள் எழுதியது எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. 160 ஏக்கருக்கு இரண்டாம் சுற்றில் ஏதோ வந்ததாம். பாதி மக்காச்சோளம், பாதி சோயா. ஆனால் அது நில உரிமையாளருக்குப் போகாமல் தமக்கு எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. ஒப்பந்த வளர்ப்பாளர் திட்டத்துக்கு விண்ணப்பித்தாரா என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று இருந்ததா என்று என்னையே திருப்பிக் கேட்டார். பணக் குத்தகையில் நிவாரணம் யாருக்கு உரியது என்பதையும், இப்போது அவர் ஏதேனும் செய்ய முடியுமா என்பதையும் சொல்ல முடியுமா?

மறுமொழி: கணக்கேடு

குத்தகை முறைதான் இதைத் தீர்மானிக்கிறது. விளைச்சலில் பங்கு பெறும் குத்தகையாக இருந்தால், நில உரிமையாளரும் விலை ஆபத்தைப் பகிர்வதால் நிவாரணத்திலும் தம் பங்கைப் பெறுவார். ஏக்கருக்கு இவ்வளவு என்று பணமாக வாங்குபவருக்கு ஆபத்தில் பங்கு இல்லை. முழுத் தொகையும் பயிரிட்டவருக்கே. உங்கள் விவசாயியின் பயிர் 80 ஏக்கர் மக்காச்சோளம், 80 ஏக்கர் சோயா என்றும், விளைச்சல் ஏக்கருக்கு 180, 50 புஷல் என்றும் வைத்துக்கொண்டால், மக்காச்சோளத்துக்கு ஏறத்தாழ 3,341 டாலர். சோயாவுக்கு விளைச்சலில் 54 விழுக்காடு, புஷலுக்கு 58 சென்ட் என்ற கணக்கில் ஏறத்தாழ 1,253. பிறகு ஏக்கருக்கு 20 வீதம் 3,200. ஆக 7,800 டாலருக்குச் சற்றுக் குறைவு. எதிர்வீட்டுக்காரருக்குப் பன்றியில் மட்டும் 96,000. அடுத்த ஆண்டு குத்தகை எவ்வளவு உயர்ந்தது என்றும் அவரிடம் கேட்டுப் பாருங்கள்; வேகமாகக் கூடிய தானிய விலையோடு ஏக்கருக்கு வந்த இந்தப் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாடகையை ஏற்றிய நில உரிமையாளர்களை நான் அறிவேன். தாளில் பயிரிட்டவருக்கு வந்த பணம் மறு ஆண்டு குத்தகையில் வெளியேறிய கதை எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது.

இப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. அந்த விண்ணப்ப நாள் முடிந்துவிட்டது. பன்றியின் உடைமையாளரிடமிருந்து அவருக்கு அறிவிப்பு வந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பழைய முதல் சுற்றில் பெயர் இல்லாதவரைத் தேடிப் போய்ச் சொல்லும் வழக்கம் கவுண்டி அலுவலகங்களில் பெரிதாக இருக்கவில்லை என்பது என் அனுபவம். 

ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். அந்த 7,800 டாலர் வரிக்கு உட்பட்ட பண்ணை வருமானம். ஆண்டு முடிந்ததும் அரசிடமிருந்து அதற்கென்று ஒரு படிவம் வந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்த்தாரா என்று பார்க்கச் சொல்லுங்கள். சேர்க்கவில்லை என்றால், திருத்திய கணக்கைத் தாமாகவே தாக்கல் செய்வது, வரித்துறையின் கடிதம் வரும் வரை காத்திருப்பதைவிடச் செலவு குறைவு.